கையொப்பமிட மறுக்கும் கரங்கள்

பிள்ளையைப் பெறுவது ஒரு பேறு; பெற்ற பிள்ளையை அவன் கடமைக்கு விட்டுக்கொடுப்பது அதனினும் பெரிய பேறு. முன்னதற்காக இரவெல்லாம் துஆச் செய்யும் நம் சமுதாயத்துப் பெற்றோர், பின்னது வாசலில் வந்து நிற்கும்போது கதவைத் தாழிட்டுக்கொள்கிறார்களே, ஏன்? இந்த வினாவைச் சற்று உரக்கவே எழுப்ப விரும்புகிறோம். சிலருக்கு இது கசக்கும். கசப்பதற்காகவே எழுதுகிறோம்.

நம் முன்னோர் மீசை அரும்பாத மகனைக் கப்பலேற்றி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் அனுப்பினார்கள். நாம் விமானமேற்றித் துபாய்க்கும் ரியாத்துக்கும் அனுப்புகிறோம். ஈராண்டு, மூவாண்டு அவன் முகத்தைக் காணாவிட்டாலும், "அவன் ரிஸ்கு அங்கே எழுதப்பட்டிருக்கிறது" என்று நெஞ்சைத் தேற்றிக்கொள்கிறோம். அதே மகன், "வாப்பா, இராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வு எழுதப் போகிறேன்" என்று வாய் திறந்துவிட்டால் போதும், வீடு இழவு வீடாகிவிடுகிறது. உம்மா அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். "நமக்கெதற்கு இந்த வேலை?" என்கிறார் வாப்பா. "நம்மவர்களை அங்கே எடுக்கவே மாட்டார்கள்" என்று தீர்ப்பளிக்கிறார் மாமா. "தொழுகை போய்விடும், தாடி போய்விடும்" என்று பள்ளிவாசல் திண்ணை முடித்துவைக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஓர் இளைஞனின் பல்லாண்டுக் கனவு அடக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. ஜனாஸாத் தொழுகை ஒன்றுதான் பாக்கி.

மறுப்பவர்கள் எதை மறுக்கிறோம் என்று அறிந்தாவது மறுக்கிறார்களா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன், பதினாறரை வயதுக்கும் பத்தொன்பதரை வயதுக்கும் இடையில், மத்திய தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேர்வை எழுதித் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேரலாம். புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் 1955இல் திறக்கப்பட்ட கழகம் அது. மூன்றாண்டுப் பயிற்சியின் முடிவில் பல்கலைக்கழகப் பட்டமும் கிடைக்கிறது. தரைப்படையைத் தேர்ந்தவன் அதன்பின் ஓராண்டு டேராடூனில், 1932இல் தொடங்கிய இந்திய இராணுவக் கழகத்தில் பயில்கிறான். பட்டம் பெற்ற பின் செல்ல விரும்புவோர்க்கு வேறு வழியும் உண்டு. அதற்கு வடக்கே போக வேண்டியதில்லை. நம் சென்னையிலே, பரங்கிமலையிலே, 1963 முதல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இயங்கிவருகிறது. காயலிலோ கீழக்கரையிலோ மாலையில் புறப்பட்டால் மறுநாள் காலையில் அதன் வாசலில் நிற்கலாம். உணவு, உறைவிடம், நூல், சீருடை, மருத்துவம் அனைத்தும் அரசின் செலவு. டேராடூனிலும் பரங்கிமலையிலும் பயிற்சிக் காலத்திலேயே மாதம் ரூ.56,100 உதவித்தொகையும் உண்டு. இவ்வளவையும் விசாரித்தறிந்து, ஆய்ந்து, அதன்பின் வேண்டாம் என்று சொன்ன தகப்பனார் நம் மஹல்லாவில் எத்தனை பேர்?

இங்கே ஒரு முக்கியச் செய்தியை வாசகர் கவனிக்க வேண்டும். கடக்வாஸ்லாவில் சேரும் மாணவனின் பெற்றோரோ பாதுகாவலரோ இரண்டு தாள்களில் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. பயிற்சியின்போது பிள்ளைக்கு ஊனமோ உயிரிழப்போ நேர்ந்தால் இழப்பீடு கோரும் உரிமை தமக்கில்லை என்பதை உணர்ந்திருக்கிறோம் என்பது ஒன்று. தன் கட்டுப்பாட்டுக்குட்பட்ட காரணத்தால் பிள்ளை இடையில் விலகினாலோ, முடிவில் பதவியை ஏற்க மறுத்தாலோ, பயிற்சிக்கு ஆன செலவைத் திருப்பித் தருவோம் என்பது மற்றொன்று. ஆக, இப்பயிற்சி மகன் ஒருவனின் தனிப் பயணமன்று. தகப்பனின் கையெழுத்தோடுதான் அது தொடங்குகிறது. வணிக ஒப்பந்தத்தில் ஒருமுறைக்கு இருமுறை படித்துக் கையொப்பமிடும் நாம், மகன் உயிரைக் குறித்த தாளை அச்சத்தால் தொடாமலே ஒதுக்குகிறோம். அல்லது ஆரவாரத்தில் படிக்காமலே கையொப்பமிடுகிறோம். இரண்டும் தவறு. படிக்க வேண்டும், மகனோடு அமர்ந்து படிக்க வேண்டும், படித்து, நடுங்கி, அந்த நடுக்கத்தோடே கையொப்பமிட வேண்டும். அதற்குப் பெயர்தான் தவக்குல்.

இனித் திண்ணைத் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"நம்மவர்களை எடுக்க மாட்டார்கள்" என்பது முதல் தீர்ப்பு. இராணுவத்தின் அதிகாரி வரிசையில் நம்மவர் தொகை குறைவென்பது உண்மை. ஏன் குறைவென்று கேட்கும் உரிமையும் நமக்குண்டு. ஆயினும், விண்ணப்பமே செய்யாதவனை நிராகரிக்க எவராலும் முடியாதே! எழுத்துத் தேர்வுக்குத் தொள்ளாயிரம் மதிப்பெண். அதில் தேறியவனை ஐந்து நாள் தங்கவைத்துச் சோதிக்கும் தேர்வு வாரியத்துக்கும் தொள்ளாயிரம். அங்கே உளவியலாளர் ஒருவர், குழுப் பணிகளைக் கண்காணிப்பவர் ஒருவர், நேர்முகம் காண்பவர் ஒருவர் என மூவர் தனித்தனியே மதிப்பிடுகின்றனர். அந்த வாசலைக் கடந்தவர்கள் நம்மவரில் இல்லையா? ஐதராபாத்தில் பிறந்த இத்ரீஸ் ஹஸன் லத்தீஃப் 1978 முதல் 1981 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தாரே! லெப்டினன்ட் ஜெனரல் ஸமீருத்தீன் ஷா தரைப்படைத் தலைமையகத்தின் துணைத் தளபதிகளுள் ஒருவராக உயர்ந்து, பின்னர் அலிகர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினாரே! தந்தை மேஜர் ஜெனரல், மகன் லெப்டினன்ட் ஜெனரல் என இரு தலைமுறை சேவை செய்த ஹஸ்னைன் குடும்பத்தை நாடறியுமே! 1948 ஜூலை 3ஆம் நாள் காஷ்மீர் முனையில் வீழ்ந்து, தில்லி ஜாமிஆ மில்லிய்யா நிலத்தில் துயிலும் பிரிகேடியர் முஹம்மது உஸ்மானின் பெயரை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா? "எடுக்க மாட்டார்கள்" என்னும் சொல் பல வீடுகளில் ஆராய்ந்து கண்ட முடிவன்று. முயலாமைக்குப் போர்த்திய போர்வை.

முயன்றும் கிடைக்காவிட்டால்? அதற்கும் நம் மண்ணிலேயே சான்றுண்டு. இராமேசுவரத்துப் பிள்ளை ஏ.பி.ஜே. அப்துல் கலாம் விமானப் படை அதிகாரியாக ஆசைகொண்டு டேராடூன் தேர்வுக் குழுவின் முன் நின்றார். இருபத்தைந்து பேரில் ஒன்பதாமவராக வந்தார். இடமோ எட்டுப் பேருக்குத்தான். மனமுடைந்து திரும்பிய அந்த இளைஞரே 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்து முப்படைகளின் தலைமையை ஏற்றார். அவரைச் சென்னை எம்.ஐ.டி.யில் சேர்க்கத் தமக்கையார் நகையை அடகு வைத்தார் என்பதையும் நினைவிற்கொள்க. நகையை மீட்டுவிடலாம், பதினெட்டு வயதில் அணைக்கப்பட்ட ஆர்வத்தை எந்த அடகுக் கடையில் மீட்பது?

"மார்க்கம் போய்விடும்" என்பது இரண்டாம் தீர்ப்பு. இதை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். மத்ரஸாவின் பாயில் அமர்ந்து ஓதியவர்கள் நாம். தாடி குறித்து உள்ளதை உள்ளபடி சொல்வோம். விமானப் படை ஊழியர் ஒருவரின் வழக்கில், முஸ்லிம் என்ற காரணத்தால் தாடி வைக்கும் உரிமை அவருக்கில்லை என்றே 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுன்னத்தை விட இயலாது என்று ஓர் இளைஞன் விலகி நின்றால் அவன் உறுதிக்குத் தலைவணங்குவோம். ஆனால், நாள்தோறும் வழித்த முகத்தோடு கல்லாவில் அமர்ந்திருக்கும் தகப்பனார், மகனின் முகத்தில் இன்னும் முளைக்காத தாடிக்காகக் கண்ணீர் வடிப்பதைத்தான் நம்மால் விளங்கிக்கொள்ள இயலவில்லை.

தொழுகையோ? ஐவேளையும் பாங்கு கேட்டு அவிழும் அட்டவணை பயிற்சிக் கழகத்தில் இராது. விடியலுக்கு முன் எழுப்பப்படுபவனுக்கு ஃபஜ்ரு எளிது. லுஹரும் அஸருமே சோதனை. ஆனால் பயணத்தில் இருப்பவனுக்கும் பகைக்கு முன் நிற்பவனுக்கும் மார்க்கம் சலுகைகளை வகுத்திருக்கிறதே, அச்சநேரத் தொழுகையைத் திருமறையின் நான்காம் அத்தியாயமே விளக்குகிறதே, அவற்றை ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நாம் யாருக்காக நடத்துகிறோம்? பரீட்சைக்கு மட்டுமா? படைப்பிரிவுகளில் மௌலவி பதவியே இருப்பது நம் உலமாக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊரில் நான்கு பள்ளிவாசல்களுக்கு நடுவில் இருந்தும் தொழாதவனைப் படைமுகாம் கெடுத்துவிட்டது என்பதும், வீட்டில் தொழுகையைக் கற்றுத்தராமல் முகாமின்மேல் பழி போடுவதும் நியாயமாகா. அனுப்புமுன் கற்றுக்கொடுங்கள், அனுப்பியபின் நினைவூட்டுங்கள். பெற்றோர் வேலை அதுவே.

மூன்றாவதாக ஒரு நபிமொழியை எடுத்துக்காட்டுகிறார்கள். அறப்போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கின்றனரா என்று வினவிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவ்விருவருக்கும் பணிவிடை செய்வதில் பாடுபடுமாறு சொல்லி அனுப்பிவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி; மறுப்பார் யாருமில்லை. ஆனால் கேட்கிறோம்: இந்த நபிமொழி ரியாத் விமானத்தின் படிக்கட்டில் ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை? பத்தாண்டு பாலைவனத்தில் உழைத்துப் பெற்றோரின் மௌத்துக்குக்கூட வந்துசேர இயலாத மக்களை அனுப்பியபோது எந்தத் திண்ணையில் இது ஓதப்பட்டது? பணம் வரும் பிரிவுக்கு ஒரு சட்டம், பணிக்கான பிரிவுக்கு வேறொரு சட்டமா? பெற்றோரின் அனுமதியை மார்க்கம் மதிக்கிறது என்பதே அந்நபிமொழியிலிருந்து நாம் பெறும் பொருள். மதிக்கப்படும் உரிமை ஓர் அமானத். அமானத்தை ஆய்ந்து பயன்படுத்த வேண்டும். அச்சத்தின் கையில் கொடுத்துவிடக் கூடாது.

பெற்றோரின் துணிவுக்கு முன்மாதிரி நம் வரலாற்றில் இல்லையா? உம்மு அய்மன் (ரலி) அவர்களின் கணவர் ஸைத் (ரலி) மூத்தாக் களத்தில் தளபதியாக வீழ்ந்தார். மூத்த மகன் அய்மன் (ரலி) ஹுனைனில் வீழ்ந்தார். எஞ்சிய மகன் உஸாமா (ரலி) இருபது வயதை எட்டாத இளைஞர். மூத்த நபித்தோழர்கள் அணிவகுத்த படைக்கு அவரையே நபி (ஸல்) அவர்கள் தலைவராக்கினார்கள்; வயதைக் காட்டி முணுமுணுத்தோரையும் மறுத்துரைத்தார்கள். அந்தத் தாய் அவ்விளைஞரின் சட்டையைப் பிடித்து இழுத்ததாக எந்த வரலாறும் இல்லை. மூஸா (அலை) அவர்களின் அன்னையை நினையுங்கள். குழந்தையை நதியில் விட்டபோது அவர் நெஞ்சம் வெறுமையாயிற்று என்றே திருமறை சித்திரிக்கிறது. அஞ்சுவது குற்றமன்று, தாயின் அச்சத்தை இறைவனே அங்கீகரிக்கிறான். அந்த அச்சத்துக்கு அடிபணிவதுதான் குற்றம்.

அண்மைக் காலத்திலும் ஒரு தாயைக் கண்டோம். டேராடூனில் பயின்று 1997இல் அதிகாரியான கேப்டன் ஹனீஃபுத்தீன், 1999 ஜூனில், கார்கில் போர் நடந்த நாட்களில், துர்துக் பகுதியின் பனிமலை உச்சியில் உயிர்நீத்தார். வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. பின்னர் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. எதிரியின் குண்டு மழையால் நாற்பது நாட்களுக்கு மேலாக உடலை மீட்க இயலவில்லை. தாயார் ஹேமா அஸீஸ் கணவரை இழந்து, இசையால் பொருளீட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். தம் மகனின் உடலைக் கொணர்வதற்காக இன்னொரு தாயின் மகன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்று அவர் படைத்தலைவரிடம் தெரிவித்தார். இதற்கு மேல் பொறுமைக்கு விளக்கம் எழுத நம் பேனாவுக்குத் தகுதியில்லை.

அனுப்பிய பெற்றோரிடமும் நமக்கு வழக்குண்டு. அனுப்புவதோடு கடமை முடிவதில்லை. முதல் வாரங்களில் தலைமயிர் ஒட்ட வெட்டப்படும். கைபேசி கைக்கு எட்டாது. ஓட்டமும் அணிவகுப்பும் தண்டனையும் உறக்கத்தைத் தின்னும். அப்படியொரு நாளில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் பிள்ளை தொலைபேசியில் விம்முவான். "வந்துவிடு மகனே, நமக்கு இது வேண்டாம்" என்று சொல்லும் உம்மா, அன்பு காட்டுவதாக நினைத்து மகனின் முதுகெலும்பை முறிக்கிறார். கையொப்பமிட்ட கடனையும் தலையில் ஏற்றுகிறார். முழுதும் கேளுங்கள், அழுகிறானா, அழட்டும். அறிவுரைச் சொற்பொழிவும் வேண்டாம், ஒப்பாரியும் வேண்டாம். "சாப்பிட்டாயா? கால் புண் ஆறிற்றா? நாளைக் காலை வரை தாங்கு, நாளை இரவு மீண்டும் யோசிப்போம்" என்பதே போதும். ஒருநாளைத் தாங்கியவன் மறுநாளையும் தாங்குவான்.

சித்தப்பா மகளின் கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் விடுப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். பயிற்சி அதிகாரியிடம் பேசிச் சலுகை வாங்கப் புறப்படாதீர்கள். அது அவனை அவன் தோழர்கள் நடுவே தலைகுனிய வைக்கும். தேறாமல் ஒரு பருவம் பின்தள்ளப்பட்டால் ஊரார் முன் நாணிக் குறுகாதீர்கள்; ஆறு மாதம் தாமதமாகத் தோளில் ஏறும் நட்சத்திரமும் அதே ஒளியைத்தான் தரும். எலும்பு முறிவை உங்களிடமிருந்து அவன் மறைக்கிறானென்றால், உங்கள் அழுகைக்கு அஞ்சித்தான் மறைக்கிறான். உண்மையைத் தாங்கும் பெற்றோரிடமே பிள்ளை உண்மை பேசுவான்.

எதிர்த் திசையில் தவறுபவர்களும் உளர். தாம் அணிய இயலாத சீருடையை மகன்மேல் மாட்டிப் பார்க்கத் துடிக்கும் தகப்பன்மார், மகனின் பதவியைச் சம்பந்தப் பேச்சில் எடைபோடும் மாமிமார் இன்றும் இருக்கிறார்கள். விருப்பமற்றவனை வற்புறுத்தி அனுப்புவது அநீதி. அவனுக்கு மட்டுமன்று, நாளை அவன் சொல்லை நம்பி உயிரைக் கொடுக்க நிற்கப்போகும் முப்பது சிப்பாய்களுக்கும் அநீதி. தீர ஆராய்ந்து, "இது என் வழியன்று" என்று திரும்பும் பிள்ளையைத் தோற்றவனென்று ஏசுவதும் அநீதியே.

"அநீதியான ஆணைக்கு என் மகன் கீழ்ப்படிய நேர்ந்தால்?" என்று சிந்திக்கும் தகப்பனாருக்கு நம் மரியாதை உண்டு, இது திண்ணைக் கேள்வியன்று. 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் கீழ்ப்படியக் கோருவது சட்டத்துக்கு உட்பட்ட ஆணைக்கே. எது நீதி, எது அநீதி என்று பிரித்தறியும் நெஞ்சை எந்த முகாமும் ஓராண்டில் வார்த்துத் தராது. அது வாப்பாவின் தஸ்தர்கானில் பதினெட்டு ஆண்டு ஊறி வருவது. நேர்மையான பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டிவைத்துவிட்டு, வெளியே நேர்மை இல்லையென்று புலம்புவதில் என்ன பொருள்?

பெண்மக்கள் குறித்தும் பேசாமல் விட முடியாது. பரங்கிமலைக் கழகம் 1992 முதல் பெண்களையும் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கிறது. உச்சநீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு ஆணைக்குப்பின் கடக்வாஸ்லாவின் வாசலும் திறந்தது. 2022இல் நுழைந்த முதல் அணியினருள் பதினேழு பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தனர். எல்லாப் பெண்மக்களும் இவ்வழியே செல்ல வேண்டுமென்று நாம் கூறவில்லை. உஹதுக் களத்தில் நபி (ஸல்) அவர்களைக் காத்து நின்று காயமேற்ற நுஸைபா (ரலி) அவர்களின் வரலாற்றை மீலாது மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மகள் கேட்கும் கேள்வியைக் காதிலும் வாங்காமல் எழுந்துபோவது தகுமா என்றுதான் கேட்கிறோம்.

அரசிடமும் நமக்குக் கணக்குண்டு. பதவியேற்கும் வரை பயிற்சி மாணவன் முழுமையான படைவீரனாகக் கருதப்படுவதில்லை. அதனால், பயிற்சியில் முதுகெலும்பு முறிந்தும் தலையில் அடிபட்டும் வெளியேற்றப்பட்டவர்கள் முன்னாள் படைவீரர் என்னும் தகுதியும் ஓய்வூதியமும் இன்றி, கருணைத்தொகையோடு பல்லாண்டு வாடினார்கள். 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இதனைக் கையிலெடுத்தது. அம்மாதமே முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மருத்துவம் மட்டும் போதாது. பிள்ளையைத் தர முன்வரும் பெற்றோரிடம் இழப்பீடு கேட்க மாட்டோமென்று கையொப்பம் வாங்கும் அரசு, அப்பிள்ளை சக்கர நாற்காலியில் திரும்பினால் வாழ்நாளெல்லாம் தாங்குவதாகத் தானும் கையொப்பமிட வேண்டும். இதைக் கேட்கும் வாய் யாருக்கு உண்டு? பிள்ளையை அனுப்பியவருக்கு உண்டு. அனுப்பாமல் ஒளித்தவர் எந்த முகத்தோடு கேட்பார்?

ஆகவே ஜமாஅத்துப் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஆண்டுதோறும் விருந்துக்கும் அலங்கார விளக்குக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்குங்கள்; கணிதமும் ஆங்கிலமும் பொது அறிவும் பயிற்றி இத்தேர்வுகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் மாலை வகுப்பொன்றை மத்ரஸாக் கட்டடத்திலேயே தொடங்குங்கள். உடுமலைக்கு அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. அதன் நுழைவுத் தேர்வு அறிவிப்பைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். பயிற்சி முடியும் நாளில் இளம் அதிகாரியின் தோளில் நட்சத்திரத்தைப் பெற்றோரே சூட்டுவது இந்நாட்டுப் படைக் கழகங்களின் வழக்கம். அந்த மைதானத்தில் எத்தனையோ ஊர்களின் தாய்மார் நிற்கிறார்கள். உழவர் வீட்டு அன்னையும், சிப்பாய் வீட்டு அன்னையும், ஆசிரியர் வீட்டு அன்னையும் நிற்கிறார்கள். நம் உம்மாமார் அங்கே அரியராக இருப்பதற்கு அரசு பாதிக் காரணமாகலாம். மீதிப் பாதி நம் வீட்டு மேசையில், எழுதப்படாத விண்ணப்பமாகக் கிடக்கிறது. முதலில் அதை எடுத்து நிரப்புங்கள். மறுபாதியைக் குறித்துப் பிறகு எல்லோரும் சேர்ந்தே கேட்போம்.